பாக்கு மட்டைத் தட்டில் பந்தி போடலாமா?

கேள்வி (ஜூன் 3, 2025)

"வருகிற ஆவணியில் தங்கைக்குச் சேலத்தில் கல்யாணம். பந்திக்கு 800 பாக்கு மட்டைத் தட்டு சொல்லி முன்பணமும் கொடுத்தாயிற்று. இப்போது வாட்ஸாப்பில் 'பாக்கு மட்டைத் தட்டு விஷம், அமெரிக்காவே நிறுத்திவிட்டது' என்று சுற்றுகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ரத்து செய்துவிடலாமா?"

ஜூன் 3, இரவு

ரத்து செய்யாதீர்கள். 2018 கடைசியிலிருந்து 2023 வரை ஆத்தூர் பக்கம் இரண்டு மெஷின் போட்டு இதே தட்டை அடித்து விற்றவன் நான். மரத்திலிருந்து தானாக விழுகிற பாளை, தண்ணீர், சூடு, அழுத்தம். இந்த நான்கும்தான் தட்டு. பசை கிடையாது, மெழுகு கிடையாது, சாயம் கிடையாது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அங்கே பேப்பர் தட்டு விற்கிறவர்களுக்கு நம் தட்டு போட்டியாகிவிட்டது, அதனால் கிளப்பிவிட்ட புரளி இது.

ஜூன் 4, காலை

பாளை என்று எழுதியது தப்பு. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். பாளை பூங்கொத்தை மூடியிருப்பது. தட்டு செய்வது மட்டையில். ஓலையின் அடிப்பகுதி மரத்தை உறை மாதிரி சுற்றிப் பிடித்திருக்குமே, அது. எங்களுக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் லோடு வரும். அந்த டிரைவர் 'பாள' என்றே சொல்வார், மலையாளத்தில் இதற்கு அதுதான் பேர். அப்படியே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஜூன் 4, மாலை

எப்படிச் செய்கிறார்கள் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு பாக்கு மரம் வருடத்துக்கு ஐந்தாறு மட்டை உதிர்க்கும். அதற்காக மரத்தை வெட்டுவதில்லை, ஓலையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. விழுந்த அன்றே, அல்லது மறுநாளாவது பொறுக்கிவிட வேண்டும். ஈரத்தரையில் இரண்டு நாள் கிடந்தால் உள்பக்கம் கருப்புப் புள்ளி வந்துவிடும். ஓலையை வெட்டி எடுத்துவிட்டு மட்டையை மட்டும் நல்ல வெயிலில் காயவைத்து, கட்டாகக் கட்டி அடுக்கலாம். தட்டு அடிக்கிற அன்று தொட்டியில் இருபது நிமிஷம் ஊறப்போட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, செங்குத்தாக நிறுத்தி நீரை வடியவிடுவோம். ஈரம் மிச்சமிருக்கும்போதே மெஷினில் வைக்க வேண்டும். மேல் டை, கீழ் டை (டை என்றால் அச்சு) இரண்டிலும் ஹீட்டர் இருக்கும். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக அழுத்தினால் ஈரம் 'உஸ்' என்று ஆவியாகப் போய் மட்டை அந்த வடிவத்தில் நின்றுவிடும்.

இதில் பிடிபடாத விஷயம் ஈரம்தான். கூடினால் தட்டு சுருளும், குறைந்தால் விளிம்பு வெடிக்கும். எங்களிடம் வேலை பார்த்த அக்கா ஒருவர் மட்டையை விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் 'டொக்'கென்று வந்தால் இன்னும் ஊறட்டும் என்று திரும்பத் தொட்டியில் போடுவார். மெஷின் விற்றவர் கொடுத்த காகிதத்தில் இதெல்லாம் இல்லை. நாங்கள் கற்றது அந்த அக்காவிடம்தான்.

ஒரு மட்டையில் பெரும்பாலும் ஒரு பெரிய தட்டும் ஒரு சின்னத் தொன்னையும் தேறும். பெங்களூரில் தொன்னை பிரியாணி சாப்பிட்டிருப்பீர்கள், அந்தத் தொன்னையும் இந்த வம்சம்தான். தென் கன்னடத்துப் பாக்குத் தோட்டங்களில் இதே மட்டையை மடித்துத் தொப்பி செய்து தலையில் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். மழையும் வெயிலும் இறங்காது. நாங்கள் சின்ன வயதில் மட்டைமேல் ஒருத்தனை உட்காரவைத்து ஓலையைப் பிடித்துத் தெருவெல்லாம் இழுப்போம்.

ஜூன் 9

முதல் நாள் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். புரளி என்று எழுதினேனே, அது சரியில்லை.

2025 மே மாதம் அமெரிக்க எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பு) சொன்னதைப் பொறுமையாகப் படித்தேன். பாக்கு மரத்தில் இயற்கையாகவே இருக்கும் அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (செடிகளே உண்டாக்கும், உடலைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள்) தட்டிலிருந்து உணவில் இறங்கலாம், உணவைத் தொடும் பொருளாக இதற்கு அந்த நாட்டில் அனுமதி கிடையாது, ஆகவே விற்கக்கூடாது என்பதுதான் சாரம். கேள்வி நியாயமானது. பாக்குக் கொட்டையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அரிகோலினைத் தனியாக எடுத்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் 2020-ல் சேர்த்தார்கள். கொட்டை வேறு, மட்டை வேறு என்று நாம் சொல்லலாம். ஆனால் ஒரே மரம். கொட்டையில் இருப்பது மட்டையில் எவ்வளவு, அதில் சோற்றுக்கு எவ்வளவு வரும் என்பதை அளந்து காட்ட வேண்டியது தட்டு செய்கிற நாங்கள்தான்.

ஐந்து வருடம் தொழில் செய்தேன். அந்தச் சோதனையை ஒருமுறைகூட செய்யவில்லை. 'ரசாயனம் கலக்கவில்லை' என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்து ஒட்டினேன். கலக்கவில்லை என்பது உண்மை. செடிக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அரளியும் இயற்கைதான். இது எனக்குத் தெரியாததா?

ஜூன் 10

'அப்படியானால் ரத்து செய்யட்டுமா?' என்று கேட்டவர் திரும்பக் கேட்கிறார். நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்: மதியச் சாப்பாடு முழுக்க வாழை இலை. தட்டை மாலை டிபனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜி, லட்டு, மிக்சர் மாதிரி உலர்ந்த பண்டம். அரிகோலின் தண்ணீரில் கரையும். ஆல்கலாய்டுகளைப் புளிப்பு இன்னும் சுலபமாக இழுக்கும். ஆகவே சூடான ரசம், புளிக்குழம்பு இரண்டும் அதில் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இலையிலேயே கொடுங்கள். பெரியவர் கேட்டால் இதையே சொல்லலாம், மறைக்க ஒன்றுமில்லை.

ஜூன் 15

கரும்புச் சக்கைத் தட்டு வாங்கலாமா என்று ஒரு கேள்வி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மட்டைத் தட்டும் சக்கைத் தட்டும் ஒரே குடும்பம் மாதிரி கடையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். செய்முறை முற்றிலும் வேறு. மட்டையை அப்படியே அழுத்துகிறோம், நார் பிரியவே பிரியாது. சக்கையைக் கூழாக்கி, அந்தக் கூழை வலை அச்சில் உறிஞ்சி எடுத்துச் சூட்டில் அழுத்துகிறார்கள். கூழ் என்றால் காகிதம்தான். காகிதம் எண்ணெயைக் குடிக்கும், சாம்பாரில் ஊறும். அது குடிக்காமல் நிற்க வேண்டும் என்றால் எதையாவது சேர்த்தாக வேண்டும்.

பல வருடங்களாக அதற்கு உலகம் முழுக்கச் சேர்த்தது ஃப்ளோரின் கலந்த பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள். எண்ணெய் ஒட்டாது, தட்டு நிற்கும். ஆனால் அவை மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் கிடப்பவை. தட்டு மக்கிய பிறகும் அது மட்டும் உரத்தில் தங்கும். டென்மார்க் 2020 ஜூலையில் காகித உணவுப் பொட்டலங்களில் இதை நிறுத்தியது. எண்ணெய் புகாமல் இருக்கச் சேர்க்கும் இந்த வகை அமெரிக்கச் சந்தையில் இனி விற்கப்படவில்லை என்று எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இப்போது 'பி.எஃப்.ஏ.எஸ். சேர்க்காதது' என்று எழுதியே சக்கைத் தட்டு வருகிறது. வாங்குகிறவர் அந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் 'இது எதில் செய்தது?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'சாம்பார் ஊறாமல் இருக்க இதில் என்ன சேர்த்திருக்கிறது?' என்று கேளுங்கள். பேப்பர் கப்பில் அது பிளாஸ்டிக் பூச்சு. அதனால்தான் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் வந்த தடையில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் சேர்ந்திருந்தன. மட்டையில் அதன் சொந்தத் தோலே அந்த வேலையைச் செய்கிறது, பூச்சு தேவையில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் மட்டைத் தொழிலுக்கே போனேன்.

ஜூன் 22

தட்டு எத்தனை நாளில் மக்கும் என்று கேட்பவர்களுக்கு 'அறுபது நாள்' என்று எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்று பழைய இருப்பில் மூன்று தட்டு எடுத்துத் தோட்டத்தில் புதைத்தேன். ஒன்று எருக்குழியில், கிழித்துப் போட்டது. இன்னொன்று வாழை அடியில், முழுசாக. மூன்றாவது வேலி ஓரம் காய்ந்த மண்ணில், அதுவும் முழுசாக. குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறேன்.

ஜூலை 6

'விவசாயக் கழிவு' என்ற சொல்லைப் பற்றி. இந்தத் தொழிலுக்குள் போகிறவர்கள் முதலில் அடிபடுவது அதில்தான்.

நான் ஆரம்பித்தது 2018 ஜூன் 5 அறிவிப்புக்குப் பிறகு. சட்டசபையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிளாஸ்டிக் தடையை அறிவித்த நாள் அது. மாற்றுப் பொருள் என்று அரசு சொன்னவற்றில் வாழை இலை, தாமரை இலையோடு பாக்கு மட்டைத் தட்டும் இருந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மட்டையை அடுப்பெரிக்கத்தான் எடுப்பார்கள், மிச்சத்தைக் குவித்துக் கொளுத்துவார்கள். 'எடுத்துக்கிட்டுப் போப்பா, தோப்பு சுத்தமாகும்' என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. சும்மா கிடைக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஆறு மாதத்தில் சுற்று வட்டாரத்தில் இன்னும் நாலைந்து மெஷின் வந்துவிட்டது. அதே பெரியப்பா மட்டையை எண்ணி விற்க ஆரம்பித்தார். அவர் மேல் தப்பில்லை. பொறுக்கவும் காயவைக்கவும் அவர் வீட்டு ஆள்தானே வேலை செய்தது. பிறகு ஷிமோகாவிலிருந்து லாரி வைத்து இறக்க வேண்டி வந்தது. நான் லாபம் என்று எழுதிவைத்த தொகையில் பாதி டீசலில் போனது.

கரும்புச் சக்கையும் இப்படித்தான். கரும்பின் எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் ஈரச் சக்கையாக வெளியே வரும். அதை ஆலையே கொதிகலனில் எரித்துக்கொள்ளும். கரூர் புகளூரில் டி.என்.பி.எல். என்ற தமிழ்நாடு அரசின் காகித ஆலை 1979-ல் தொடங்கப்பட்டு 1984-ல் சக்கையிலிருந்து காகிதம் எடுக்க ஆரம்பித்தபோது, சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எரிபொருள் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. 'கழிவை' எடுத்துக்கொண்டால், அது செய்துகொண்டிருந்த வேலைக்கு வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும். உமியும் அதே கதை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசி ஆலையில் நெல் அவிக்கிற கொதிகலனுக்கு அதுதான் எரிபொருள்.

வைக்கோல் மட்டும் உண்மையிலேயே மிச்சம் என்று நினைக்கிறேன். அறுவடை மெஷின் வந்த பிறகு வயலிலேயே கிடந்து வீணாகிறது.

ஜூலை 7

வைக்கோல் பற்றி எழுதியதற்கு மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். 'மாடு வைத்திருக்கிறவனிடம் வைக்கோல் மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள்.' அவர் சொல்வது சரி. கட்டுக்கட்டும் மெஷின் வந்த பிறகு டெல்டா வைக்கோல் லாரி லாரியாக வெளி மாவட்டத்துக்குப் போகிறது. பஞ்சாபில் எரிக்கிற வைக்கோலை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு எழுதிவிட்டேன். மழையில் நனைந்து மாடு தொடாத வைக்கோல் என்று சுருக்கிக்கொள்கிறேன். அதிலும் சிலிகா, அதாவது மணலில் இருக்கும் பொருள், அதிகம். கூழாக்குகிற ஆலைகளுக்கு அது பெரிய தலைவலி. பிளேடும் தேயும், கருப்புக் கழிவுநீரிலிருந்து காரத்தை மீட்பதும் கடினமாகும்.

ஜூலை 20

ஏன் மூடினீர்கள் என்று பலர் கேட்டும் இதுவரை சொல்லவில்லை. பூஞ்சையால்.

2021 ஐப்பசி. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். அந்த வருடம் மழை விடவேயில்லை. மட்டை காயவில்லை. காய்ந்த மாதிரி தெரிந்ததை அடித்தோம். அடித்த தட்டைச் சூடு ஆறுவதற்குள் அடுக்கி பிளாஸ்டிக் உறையில் கட்டினோம். அவசரம். உள்ளே வேர்த்து, பதினைந்தாம் நாள் பெட்டியைத் திறந்தால் விளிம்பெல்லாம் பச்சைப் பொடி. முழு லோடும் திரும்பி வந்தது. பூஞ்சை தொற்றியதைத் துடைத்து விற்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. எரித்தோம். அந்த அக்கா கையாலேயே கொளுத்தினார். அவர் அழுதார், நானும்தான்.

இப்போது யோசித்தால் தப்பு மூன்று இடத்தில். தொட்டித் தண்ணீரை நாள் முழுக்க மாற்றாமல் வைத்திருந்தோம், சாயங்காலம் அது வழுவழுவென்று இருக்கும். தட்டை ஒரு ராத்திரி காற்றாட விடவில்லை. கோடையிலேயே நான்கு மாத மட்டையை வாங்கி அடுக்க முதல் இல்லை. இந்தத் தொழில் மார்கழிக்குப் பிறகு ஆரம்பித்து ஆனியில் மட்டையைச் சேர்த்து முடிக்கிற தொழில். வருடம் முழுக்க ஆர்டர் எடுக்கிறவன் மழையோடு பந்தயம் கட்டுகிறான்.

இதை எழுதுவதால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். காயவைக்கக் கூரை போட்ட மேடைக்குத்தான் முதல் காசு போக வேண்டும். மெஷின் அதற்குப் பிறகு.

ஆகஸ்ட் 12

மூங்கில் நார் டம்ளர், உமி டப்பா பற்றிக் கேட்டவருக்கு. கையில் எடுத்தால் பீங்கான் மாதிரி வழவழப்பாக, அழகான நிறத்தில் இருக்கிறதா? நாரும் உமியும் தானாக அப்படி ஆகாது. பல பொருள்களில் நாரைப் பிடித்துவைத்திருப்பது மெலமைன் பிசின் என்ற பிளாஸ்டிக். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இவற்றிலிருந்து சூடான பானத்தில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் இறங்குவதைப் பற்றி எச்சரித்தது. 2021 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே தனிச் சோதனை நடவடிக்கை தொடங்கியது. 'இயற்கை, மக்கும்' என்று ஒட்டி விற்றார்கள், உள்ளே இருந்தது பிளாஸ்டிக். சூடான பால் வேண்டாம்.

கேள்வி அதேதான். எது பிடித்துவைத்திருக்கிறது, எது ஊறாமல் தடுக்கிறது.

ஆகஸ்ட் 24

இரண்டு மாதம் ஆயிற்று, தோண்டினேன். எருக்குழியில் கிழித்துப் போட்ட தட்டைத் தேட வேண்டியிருந்தது. நூல் நூலாகச் சில நார், அவ்வளவுதான். வாழை அடியில் முழுசாகப் புதைத்தது மெத்தென்று ஆகி, எடுத்தால் கிழிகிறது, ஆனால் தட்டு என்று தெரிகிறது. வேலி ஓரத்துத் தட்டு அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கரையான் தின்றிருக்கிறது.

ஆக 'அறுபது நாள்' என்று இனி சொல்ல மாட்டேன். கிழித்து, ஈரமாக, எருவோடு போட்டால் அறுபது நாள். குப்பை மேட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் வேறு கணக்கு. சோளத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பூச்சு போட்ட கப்புக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். 'மக்கும்' என்று அதற்குச் சான்று கொடுப்பது 58 டிகிரி சூட்டில் நடத்தும் சோதனையை வைத்து. நம் வீட்டு எருக்குழி அந்தச் சூட்டில் நிலைத்து நிற்காது.

செப்டம்பர் 7

கல்யாணம் முடிந்தது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். மதியம் இலை, மாலை தட்டு. முகூர்த்த நாள் என்பதால் இலை விலை கையைக் கடித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாலையில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதில் கோந்து இல்லையாமே' என்று அவரே பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினாராம். மிச்சம் 140 தட்டு. எங்கே போடுவது என்று கேட்கிறார். கிழித்து எருக்குழியில் போடுங்கள். அல்லது வையுங்கள், கோயில் கூழ் ஊற்றும்போது... வேண்டாம், கூழ் சூடு, புளிப்பும் கூட. சுண்டல் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். நவராத்திரி வருகிறது. காற்றாடும் இடத்தில், உறையைப் பிரித்து வையுங்கள்.

செப்டம்பர் 8

சுண்டலுக்கு மந்தாரை இலைத் தையலே போதுமே என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். உண்மை. காய்ந்த மந்தாரை இலையை ஈர்க்குச்சியால் தைத்து, வேண்டும்போது தண்ணீர் தெளித்து விரிப்பது. வாழைச் சருகுத் தொன்னை, கருப்பட்டி வைக்கும் பனை ஓலைக் கொட்டான் எல்லாம் அந்த வழிதான். மெஷினும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தைக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. அந்த அம்மாவுக்குத் தைக்கத் தெரியுமாம். மதுரையில் யாராவது கற்றுக்கொள்ள வந்தால் சொல்லித்தருகிறேன் என்கிறார். விருப்பம் இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள்.

நவம்பர் 16

வேலி ஓரத்துத் தட்டை மறந்தே போயிருந்தேன். மழை நன்றாகப் பிடித்த பிறகு இன்று தோண்டினேன். நடுப்பகுதி கரைந்துவிட்டது, மண்புழு இருந்தது. விளிம்பு மட்டும் வளையமாகக் கையில் வந்தது. எங்கள் இரண்டாவது டையில் ஒரு கீறல் உண்டு, அந்தக் கோடு விளிம்பில் இன்னும் தெரிந்தது. உடைத்து எருக்குழியில் போட்டேன்.

பழைய இருப்பில் இன்னும் பத்துப் பன்னிரண்டு தட்டு இருக்கிறது. உணவு ஆய்வுக்கூடம் எதிலாவது வேலை பார்ப்பவர்கள் யாராவது படித்தால் எழுதுங்கள். தட்டில் சூடான புளித்தண்ணீர் ஊற்றி அரை மணி வைத்து, அந்தத் தண்ணீரில் அரிகோலின் அளவு பார்க்க வேண்டும். செலவை நான் ஏற்கிறேன். முடிவு எப்படி வந்தாலும் இங்கேயே போடுகிறேன்.